ஓர் எண்ணுக்கு மூன்று பேர்

திண்டிவனம் நேரு வீதியில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இருந்த சின்ன அறையை நினைத்தால் ஜெர்லினுக்கு இன்றும் மனசு இளகிவிடும். 2010ஆம் வருடம். கீழேயிருந்து டெட்டால் வாசனை படியேறி வரும். ஜன்னலைத் திறந்தால் பஸ் ஹாரன், மூடினால் வெக்கை. அந்த அறையில் உட்கார்ந்துதான் அவளும் மணிமாறனும் 'சரம்' என்ற ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இருவரும் விழுப்புரத்தில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். பகலில் சென்னைக் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பார்கள். மிச்சப் பொழுதெல்லாம் சரத்துக்கு. நடுவில் பெரிய கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல், ஒவ்வொருவர் வீட்டுக் கம்ப்யூட்டரும் இன்னும் சிலருடையதைக் கைகோத்துப் பிடித்துக்கொள்ள, பேச்சும் சேதியும் கைமாறிக் கைமாறிப் போய்ச்சேர வேண்டும். எவனும் மூடிவிட முடியாத ஒன்றைச் செய்கிறோம் என்று மணிமாறன் சொல்லும்போது அவன் காது சிவக்கும். புதிதாக வருபவர்கள் முதலில் வந்து சேர்வதற்கு மட்டும் இரண்டு கம்ப்யூட்டர்கள் எந்நேரமும் விழித்திருந்தன. ஒன்று இந்த அறையில். இன்னொன்று விழுப்புரத்தில் மணிமாறன் வீட்டில்.

"அந்த ரூம்புல ஒக்காந்துக்கினு நீ இன்னாதான் பண்றே?" என்று ஜெர்லினின் அம்மா இருதயசெல்வி கேட்பாள். ஜெர்லின் விளக்கிச் சொல்வாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செரி, எப்ப முடியும்?" என்பாள் அம்மா.

சோதனைக்காகச் சிநேகிதர்கள் சிலருக்குப் புரோகிராமைக் கொடுத்திருந்தார்கள். ஷார்ஜாவில் வண்டி ஓட்டிய மணிமாறனின் பெரியப்பா மகன் சின்னதுரைக்கும் கொடுத்திருந்தார்கள். அங்கே இணையம் வழியாகப் பேசும் வசதிகளைத் தடுத்து வைத்திருந்த காலம் அது. சரம் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாததால் அதை மட்டும் யாரும் தடுக்கவில்லை.

ஒருநாள் மதியம் சரம் திணறியது. யார் பேச முயன்றாலும் இடமில்லை. ஜெர்லின் பார்த்தபோது, இரண்டு கம்ப்யூட்டர்களின் இணைப்புகளையும் ஒரே ஐ.பி. எண், அதாவது ஒரே இணைய முகவரி, பிடித்துக்கொண்டிருந்தது. ஒரே முகவரியிலிருந்து பத்து, இருபது என்று வந்து ஏறிக்கொண்டே இருந்தார்கள். பாண்டிச்சேரிப் பக்கத்து பிராட்பேண்ட் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

மணிமாறன் போனில் கொதித்தான். "எவனோ ஒருத்தன் ஒரே எடத்துல ஒக்காந்துக்கினு இருவது வேஷம் போடறான். நம்மள முழுங்கப் பாக்கறான். ஒரு எண்ணுக்கு ரெண்டு பேருக்கு மேல விடாதே."

"ரெண்டு ரொம்பக் கம்மி மணி. நாலுன்னு வெக்கலாம்."

"அப்ப மூணு."

அவ்வளவுதான் அந்தப் பேச்சு. சாயங்காலத்துக்குள் ஜெர்லின் எழுதி முடித்துவிட்டாள். ஒரு முகவரியிலிருந்து மூன்று இணைப்புகள். நாலாவது வந்தால் கதவு திறக்காது. நெரிசல் சட்டென்று குறைந்தது. இருவரும் ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து போனிலேயே சிரித்துக்கொண்டார்கள். எதிரி வந்துவிட்டான் என்றால் நாமும் பெரிய ஆள் ஆகிவிட்டோம் என்றுதானே அர்த்தம்!

ஆனால் அந்த எண் போகவில்லை. தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு வந்தது, பொழுது சாய்ந்ததும் அடங்கியது. வெள்ளிக்கிழமை மட்டும் தாமதமாக வந்தது. மூன்று பேர் உள்ளே இருப்பார்கள். ஒருவர் இறங்கியதும் இன்னொருவர் ஏறுவார். ஏறியவர் கொஞ்ச நேரத்தில் தானாகவே இறங்குவார். வேஷம் போடுகிறவன் எதற்கு முறை வைத்து ஏறி இறங்க வேண்டும் என்று ஜெர்லினுக்குத் தோன்றியது. உள்ளே இருந்த ஒரு பெயருக்கு, நீங்கள் யார் என்று சேதி அனுப்பினாள்.

ஆங்கில எழுத்தில் தமிழாகப் பதில் வந்தது. "நீங்க யாருங்க? நான் எங்க ஊட்டுக்காரர்கிட்ட பேசணும். லைன்ல நிக்காதீங்க. பின்னால ஆளு காத்துக்கினு இருக்காங்க."

ஜெர்லின் எங்கிருந்து என்று கேட்டாள். கோட்டக்குப்பம், மைமூன் அக்கா நெட் சென்டர் என்று பதில் வந்தது.

மறுநாள் ஜெர்லின் பாண்டிச்சேரி பஸ் ஏறினாள். அங்கே இறங்கி இன்னொரு டவுன் பஸ் பிடித்துக் கோட்டக்குப்பம் போய் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. கேட்டவுடன் வழி காட்டினார்கள். துணிக்கடைக்குப் பக்கத்தில் நீளமான ஓர் அறை. கம்ப்யூட்டர்கள் சுவரோரம் வரிசையாக இருந்தன. அத்தனைக்கும் ஒரே பிராட்பேண்ட் லைன்.

மூன்று கம்ப்யூட்டர்கள் முன்னால் மட்டும் மூன்று பெண்கள் ஹெட்போன் மாட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மற்றவை சும்மா எரிந்துகொண்டிருந்தன. எதிரே பெஞ்சிலும் தரையில் விரித்த பாயிலுமாகப் பத்துப் பதினைந்து பெண்கள். மடியில் தூங்கும் குழந்தைகள், ஒருத்தி கையில் பாதி கோத்த கனகாம்பரம், இன்னொருத்தி முறத்தில் முருங்கைக்கீரை. எழுந்து வந்து, "வாங்கம்மா, பிரவுசிங்கா? அந்தக் கடைசி சிஸ்டத்துல ஒக்காருங்க," என்றவள்தான் மைமூன். நாற்பது வயதிருக்கும்.

"இவங்கல்லாம் ஏன்க்கா ஒக்காந்திருக்காங்க? சிஸ்டம் காலியாத்தானே இருக்கு?"

"அது வெளிநாட்டுக்குப் பேசறதுக்கும்மா. சரம்னு ஒண்ணு. ஷார்ஜாவுல நம்ம ஜனங்க இருக்கற ரூம்புல ஒருத்தரு குடுத்தாரு, அப்படியே பரவிச்சி. முன்னெல்லாம் ஒரே நேரத்துல எல்லாரும் பேசுவோம். இப்ப கொஞ்ச நாளா மூணு பேருக்கு மேல எடுக்கறதில்ல. நாலாவது ஆளுக்குச் சுத்திக்கினே நிக்கும். லைன்ல இன்னாவோ பேஜாரு."

ஜெர்லின் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நிறைமாத வயிற்றோடு ஒரு பெண், சபூரா என்று பெயர். அவள் முறை வந்தது. எழுந்து போய் ஹெட்போனை மாட்டினாள். காத்திருந்தாள். திரையில் அவள் புருஷன் பெயர் பச்சையாகவே ஆகவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடுத்தவளுக்கு இடம் விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"அவரு இல்லியா?" என்று ஜெர்லின் கேட்டாள்.

"இருப்பாரு. அங்கயும் ரூம்புக்கு ஒரே லைனுதான், எட்டுப் பேரு. எனக்கு இங்க எடம் கெடைக்கறப்ப அவருக்கு அங்க கெடைக்கறதில்ல. அவருக்குக் கெடைக்கறப்ப நான் இங்க பெஞ்சுல இருக்கேன்." அதில் குறைபட்டுக்கொள்ளும் தொனியே இல்லை. "போன வாரத்துலேர்ந்து இப்படித்தான் போய்க்கினு இருக்குது."

"போன்ல பேசக் கூடாதா?"

"பேசுவோம். ரெண்டு வார்த்தை. இதுலதான் சாவகாசமாப் பேசலாம்."

ஜெர்லின் எழுந்தாள். மைமூனிடம் போய், சரத்தைச் செய்தவர்களில் தானும் ஒருத்தி என்றாள். சொன்னதுதான் தாமதம், அறையே அவள் பக்கம் திரும்பியது. ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "ஓசியில குடுத்திருக்கீங்க, நல்லா இருப்பீங்கம்மா," என்றாள் மைமூன். சமோசா வாங்கிவர ஆள் போயிற்று.

அதற்கு மேல் ஜெர்லினால் தாங்க முடியவில்லை. "லைன்ல கோளாறு இல்லக்கா. மூணு பேருன்னு வெச்சது நான்தான். யாரோ ஒரே ஆளு ஏமாத்தறாங்கன்னு நெனைச்சிட்டோம்."

கையைப் பிடித்திருந்தவள் பிடியை விடவில்லை. சபூராதான் கேட்டாள், தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்பதுபோல.

"ஏன் மூணு?"

மணிமாறன் இரண்டு என்றான், நான் நாலு என்றேன் என்று எப்படிச் சொல்வது?

வெளியே வந்து துணிக்கடை நிழலில் நின்று மணிமாறனுக்குப் போன் செய்தாள்.

"எடுத்துட்டா நாளைக்கு நெஜமாவே ஒருத்தன் வந்து ஆயிரம் கனெக்‌ஷன் போடுவான். அப்ப இன்னா பண்ணுவே?" என்றான் அவன்.

"அப்ப பாத்துக்கலாம். இங்க வந்து பாரு மணி. எல்லாம் நெஜமான ஆளுங்க."

"நீ அங்க நின்னுக்கினு பேசறே, அதான் அப்படித் தோணுது. நெட்வொர்க்னா எல்லாருக்கும் ஒரே ரூல்தான்."

"உங்க சின்னதுரை அண்ணனுக்கும் போன் போட்டுக் கேளு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை பாசஞ்சர் ரயிலில் மணிமாறன் திண்டிவனம் வந்தான். படியேறி வந்தவன் பையை மாட்டியபடியே நின்றான். முந்தின நாள் அண்ணனோடு பேசியிருந்தான். பத்து நாளாக வீட்டுக்குப் பேச முடியாமல் இருந்திருக்கிறான் சின்னதுரை. ஏன் சொல்லவில்லை என்று இவன் கத்த, 'நீ இன்னாவோ டெஸ்ட் பண்ணிக்கினு இருப்பே, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு இருந்தேன்டா' என்றிருக்கிறான்.

"எனக்காக வாயை மூடிக்கினு இருந்திருக்காரு," என்றான் மணிமாறன். பையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். மூன்றை அப்போதே முப்பது ஆக்கினார்கள்.

அது தற்காலிகம்தான். அடுத்த சில வாரங்கள் அந்த அறையில் நடந்த சண்டைக்குக் கீழே மெடிக்கல் ஷாப்காரர் இரண்டு முறை மேலே எட்டிப் பார்த்தார். கடைசியில் ஒரு வழிக்கு வந்தார்கள். இடம் இருக்கும்வரை ஒரு முகவரியிலிருந்து எத்தனை பேர் வந்தாலும் உட்காரட்டும். எல்லா இடமும் நிறைந்து புதிதாக ஒருவர் வந்தால் மட்டும், அதிகம் பேர் உட்கார்ந்திருக்கும் முகவரியிலிருந்து கடைசியாக வந்தவரை எழுப்ப வேண்டும். ஆயிரம் வேஷம் போட்டு வருகிறவன்தான் எப்போதும் முதலில் எழுந்திருக்க வேண்டிவரும்; தனியாக வருகிறவரை யாரும் தள்ள முடியாது. மணிமாறன் அதை எழுதினான். ஜெர்லின் திருத்தினாள். அவள் திருத்தியதை அவன் மறுபடி திருத்தினான்.

அதற்குள் ஒரு சாயங்காலம் மைமூனிடமிருந்து சேதி வந்திருந்தது. சபூரா பேசிவிட்டாளாம். வெகுநேரம் பேசினாளாம். பிரசவத்துக்கு முந்தின வாரம். ஜெர்லின் அதை மூன்று முறை படித்துவிட்டுக் கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தாள்.

மறு வருடம் நிஜமாகவே ஒருவன் வந்தான். எந்த ஊரோ, என்ன நோக்கமோ, ஒரே முகவரியிலிருந்து நூற்றுக்கணக்கில் மோதினான். புதிய ஏற்பாடு தாங்கியது. நடுவில் கொஞ்ச நேரம் கோட்டக்குப்பத்திலும் நாலைந்து பேரை எழுப்பிவிட்டது. "இன்னிக்கு எங்க கூட்டம்தான் ஜாஸ்தியா?" என்று மைமூன் கேட்டு அனுப்பினாள். ஜெர்லின் தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

நாலைந்து வருடம் சரம் ஓடியது. பிறகு எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் வந்தது. நெட் சென்டரை மைமூன் பர்தா கடையாக மாற்றிவிட்டாள் என்று கேள்விப்பட்டாள் ஜெர்லின். அவளுக்கும் கல்யாணமாகிச் சென்னையில் வேலை. கண்ணாடிக் கட்டடம், எந்நேரமும் ஏ.சி. மணிமாறன் விழுப்புரத்திலேயே கல்லூரி வாத்தியார் ஆனான். பெரிய கம்பெனியில் பெரிய சம்பளத்துக்கு அவள் செய்த வேலைகளில், யாருக்காகச் செய்கிறோம் என்று முகம் பார்த்துத் தெரிந்துகொண்ட வேலை ஒன்றுகூட இல்லை. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் கோட்டக்குப்பத்து வெயிலும், முறத்து முருங்கைக்கீரையும், தன் கையை விடாமல் பிடித்திருந்த அந்தக் கையும் மனதில் வந்து போகும். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டாள்.

2016 பொங்கல் லீவில் மணிமாறன் கூப்பிட்டான். "சிஸ்டத்தை நிறுத்திடலாம்னு இருக்கேன். நீயும் இருந்தா நல்லா இருக்கும்."

போனாள். மிச்சமிருந்தது விழுப்புரத்தில் அவன் வீட்டுக் கம்ப்யூட்டர் மட்டும்தான். அவன் மனைவி இளவரசி அவித்த மல்லாட்டையைத் தட்டில் கொட்டி வைத்தாள். இருவரும் கடலையை உரித்துத் தின்றபடி திரையைப் பார்த்தார்கள். உள்ளே யாரும் இல்லை. மாதக்கணக்காக யாரும் வரவில்லை என்றான்.

"நீ நிறுத்து," என்றான்.

"உன் ஊட்டு சிஸ்டம். நீதான்."

கொஞ்ச நேரம் தள்ளிப்போட்டார்கள். பழைய சண்டைகளை ஒன்றிரண்டு மறுபடி போட்டுப் பார்த்தார்கள். சூடு ஏறவில்லை, சிரிப்புதான் வந்தது. பிறகு அவன் குனிந்து சுவிட்சை அணைத்தான். ஐந்தாறு வருடமாக அந்த வீட்டில் ஓயாமல் ஓடிய சின்ன விசிறியின் இரைச்சல் மெல்லத் தணிந்து நின்றது.

சமையலறையிலிருந்து இளவரசியின் குரல் வந்தது. "இன்னாங்க, கரண்ட்டு பூட்டுச்சா?"

"இல்லம்மா," என்றான் மணிமாறன்.