குடிக்காதவரின் ஈரல்

சீனிவாசராகவனுக்கு ஈரலில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன அன்றே, அவர் திருட்டுத்தனமாகக் குடித்திருக்கிறார் என்று மனைவி ஜெயலக்ஷ்மி முடிவுகட்டிவிட்டாள். ஸ்கேனில் ஈரல் முழுக்கக் கட்டிகள். ஈரல் புற்றுநோய்க்காகச் செய்யும் ரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது. அவளுடைய அண்ணன் ரங்கநாதன் அவர்களுடைய அல்சூர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "டூர் டூர்னு ஹூப்ளிக்கு ஓடினாரே, எதுக்குன்னு இப்பத் தெரியறதா?" என்றார்.

"சத்தியமா தொட்டதில்லைடீ. வயிறு எரியறதுன்னு எத்தனை நாளா சொல்லிண்டிருக்கேன்!" என்றார் சீனிவாசராகவன்.

"குடிச்சா எரியாம என்ன பண்ணும்?" என்றாள் அவள்.

அவருக்குத் தட்டும் டம்ளரும் தனியாயின. யாராவது விசாரித்தால், அவர் காதில் விழும்படியே, "பண்ணினதை அனுபவிக்கறார்" என்பாள். அழுவதைவிட அது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் அவர் ரத்தமாக வாந்தியெடுத்தார். வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் கேத்தரின் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்த்து, சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். முடிவு வந்ததும் ஜெயலக்ஷ்மியை அழைத்தாள்.

"இது ஈரல்ல ஆரம்பிச்சது இல்லம்மா. வயித்துல வந்து ஈரலுக்குப் பரவின கேன்சர். ரொம்ப அபூர்வமான வகை. பாக்க ஈரல் செல் மாதிரியே இருக்கும், ரத்த டெஸ்ட்டையும் ஏமாத்திடும்."

"அப்போ குடி?"

"குடிச்சுக் கெட்ட ஈரல் வேற மாதிரி இருக்கும். இவருக்கு அந்த அடையாளமே இல்ல. வயித்தை முன்னாடியே பாத்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம். இனிமே வலியைத்தான் குறைக்க முடியும்."

ஜெயலக்ஷ்மி வார்டுக்கு ஓடி அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "தப்புப் பண்ணிட்டேன்னா. டாக்டர் எல்லாம் சொல்லிட்டா."

"டாக்டர் சொன்னதும் நம்பிட்டே. நான் சொன்னப்போ?"

அவர் காலை இழுத்துக்கொண்டார். நர்ஸைக் கூப்பிட்டு, ஜெயலக்ஷ்மிக்கும் நன்றாகப் புரிகிற கன்னடத்தில், இவளை வெளியே அனுப்புங்கள், இனி உள்ளே விட வேண்டாம் என்றார்.

தினமும் ஜெயலக்ஷ்மி கஞ்சி வைத்து எடுத்துவந்து நர்ஸிடம் கொடுத்தனுப்பினாள். யார் வைத்தது என்று கேட்டுவிட்டு அப்படியே திருப்பியனுப்பினார். அவர் போன மத்தியானமும் அவள் வராந்தா பெஞ்சில்தான் இருந்தாள். நர்ஸ் வந்து சொன்ன பிறகே உள்ளே போக முடிந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் ரங்கநாதன், "வயிறோ ஈரலோ, குடிக்காம வருமா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் ஜெயலக்ஷ்மியைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால், பிறகு ஏன் அவரை அப்படி நடத்தினாய் என்று கேட்பார்கள்.

தலையைக் குனிந்துகொண்டாள்.