பழைய பிரௌசர்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத எக்ஸ்ரே அறையில் இருக்கிறேன். என் கணவரும் மகளும் வேறு ஊரில். மாறுதல் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

காரணம் ஒரு பழைய பிரௌசர். எங்கள் மெஷின் எடுக்கும் படம் அதில் மட்டும்தான் திறக்கும். மெஷினைச் செய்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் பிரௌசரை மூடித் திறக்க வேண்டும். மறந்தால் முந்தின ஆளின் எலும்பு அடுத்தவர் பெயரில் வந்து நிற்கும். நான் லீவில் போனபோது, பதிலுக்கு வந்தவர் மறந்து, நல்ல காலுக்கு மாவுக்கட்டு போட வைத்துவிட்டார். அன்றோடு என் லீவுக்கும் மாறுதலுக்கும் மங்களம்.

எந்தப் புதுக் கம்ப்யூட்டர் வந்தாலும் அதற்குள் இந்தச் சனியனும் கூடவே வரும். கம்ப்யூட்டர்காரரிடம் எரிந்து விழுந்தேன். பழசை எடுத்தால் எத்தனையோ ஆபீஸ் படுத்துவிடும் என்றார். படுக்கட்டுமே! படுத்தால்தானே புதுசு வாங்குவார்கள்? ஓடுகிற வண்டியை எவன் மாற்றுவான்?

"அந்தப் பழசு எப்பம்மா போகும்?" என்று போனில் என் மகள் கேட்காத நாள் இல்லை.

போன வாரம் போயேவிட்டது. புதிதாக வந்த கம்ப்யூட்டரில் அது இல்லை. தலைகீழாகத் தேடிப் பார்த்தும் காணோம். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாஸ்க் போட்டுக்கொண்டேன். நோயாளிகளை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். புது மெஷினுக்கு எழுதிப் போட்ட பெரிய டாக்டர், என் மாறுதலிலும் கையெழுத்துப் போட்டார். அதை மடித்துக் கைப்பையில் வைத்தேன். மகளுக்கும் சொல்லிவிட்டேன்.

இன்று காலை ஏணியிலிருந்து விழுந்த பெயின்டரைத் தூக்கி வந்தார்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வெளியே போயிருந்தது. அவர் மனைவி என்னிடம், "அக்கா, ஏதாவது பண்ணுங்க" என்றாள்.

படம் எடுத்தேன், திறக்கவில்லை. கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டேன். பழசை முழுசாக எடுக்கவில்லையாம், புதுசுக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறார்களாம். செட்டிங்கில் ஒரு வரியை அழுத்தினால் வந்துவிடுமாம். மவுஸ் அதன் மேல் நின்றது. அழுத்தினால் என் கதி என்னவென்று எனக்குத் தெரியாதா? அந்த ஆளின் மூச்சுச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

அழுத்தினேன். உடைந்த விலா நுரையீரலில் குத்தியிருந்தது பளிச்சென்று தெரிந்தது. டாக்டர் அங்கேயே நெஞ்சில் குழாய் போட்டார். ஆள் பிழைத்தார்.

மத்தியானம் பெரிய டாக்டர் இறங்கி வந்தார். முகமெல்லாம் பல்.

"நல்லவேளை, வேலை செய்யுதே! புது மெஷின் எதுக்கு இனிமே? அந்த மாறுதல் ஆர்டரக் கொஞ்சம் குடும்மா."

குடுத்தேன். குடுக்காமல் என்ன செய்ய? அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். என் துணிக்கு அலமாரியில் ஒரு தட்டை ஒழித்து வைத்திருக்கிறாளாம்.

"பழசு போகலடா," என்றேன். "உள்ளயேதான் இருக்கு."

போனில் அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் என் துணியவே திரும்ப வச்சிக்கட்டுமாம்மா?"

"வச்சிக்கோ," என்றேன்.