பௌர்ணமிச் சமையல்

பௌர்ணமியன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. பிள்ளைகள் இருவரையும் கிரிவலப் பாதைக்கு அழைத்துப் போய், அடி அண்ணாமலைப் பக்கம் யார் அன்னதானம் போட்டாலும் வாங்கிச் சாப்பிட வைத்துவிடுவேன். கார் வைத்திருப்பவனும் அங்கே கைநீட்டித்தான் வாங்குகிறான், எனக்கென்ன வெட்கம்? பிள்ளைகளுக்கு அது பிரசாதம். ஒரு நாள் செலவு மிச்சம் என்ற உண்மையை எதிர்வீட்டு ஓவியாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவள் மகளும் என் மகள் கீர்த்தனாவும் ஒரே வகுப்பு.

இந்தப் பௌர்ணமி அவள் மகளுக்குப் பிறந்தநாள். "பார்ட்டி எல்லாம் இல்லடி, பட்ஜெட் இடிக்குது" என்றாள். நம்பினேன்.

அன்னதான வரிசையில் என் முறை வந்தபோது, பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தது ஓவியா. பக்கத்தில் பட்டுப்பாவாடையில் மகள். பின்னால் வகுப்பு அம்மாக்கள் எல்லோரும், கையில் கேக் தட்டோடு.

"ஏழைங்களுக்குத்தான் குடுக்கணும்னு சொன்னியேம்மா, இது கீர்த்தனா ஆச்சே?" என்றது குழந்தை.

"அவங்களுக்கும் குடும்மா." ஓவியா மற்றவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "பௌர்ணமின்னா இவ வீட்ல சமைக்கவே மாட்டா. நீ வருவேன்னு தெரியும்டி, உனக்குனு நாலு பொட்டலம் ஜாஸ்தியா எடுத்து வெச்சிருக்கேன்."

கீர்த்தனா கைதட்டி ஹாப்பி பர்த்டே பாடினாள்.

பொட்டலங்களை ஓவியா மூஞ்சியில் விட்டெறிந்திருப்பேன். ஆனால் அது புளிசாதம், மறுநாள் காலைவரை கெடாது. பையை விரித்துப் பிடித்தேன்.