ஊசியம்மா திரும்பி வந்த சாயங்காலம்

“சூப்புக்குக் காய்ச்சலாப்பா?”

சாப்பாட்டுக் கடைக்காரரின் மகள் ஒருநாள் இப்படிக் கேட்டாள். அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். நகராட்சியிலிருந்து முதல் தடவையாக வந்த உணவு ஆய்வாளர், அடுப்பின்மேல் இருந்த சூப் பாத்திரத்துக்குள் ஊசி மாதிரி ஒரு வெப்பமானியை விட்டு எடுத்துப் பார்த்தார். கல்லா ஓரமாக நின்ற குழந்தைக்கு அவர் ஊசி போடுகிற டாக்டரம்மாவைப் போலத் தெரிந்தார்.

அப்பா பதில் தேடுவதற்குள் ஆய்வாளரே குனிந்து சொன்னார்.

“ஆமாடா கண்ணு. சூப்புக்கு எப்பவும் காய்ச்சல் அடிச்சுக்கிட்டே இருக்கணும். அதுக்கு விட்டுப்போச்சுன்னா குடிக்கிறவங்களுக்கு வந்துடும்.”

குழந்தை இதை வகுப்பு முழுக்கச் சொன்னாள். வகுப்பு வீடு வீடாகச் சொன்னது. அந்த வாரத்துக்குள் ஆய்வாளருக்கு அந்தத் தெருவில் ஊசியம்மா என்று பெயர் நிலைத்துவிட்டது.

குழந்தையிடம் சிரித்தாரே தவிர, கடைக்கு அவர் கொடுத்தது மஞ்சள் அட்டைதான். அந்த நகரத்தில் சமைத்து விற்கிற எந்தக் கடையானாலும் நகராட்சியின் அட்டையை வாசற்கதவில் ஒட்டியே ஆகவேண்டும். பச்சை என்றால் நம்பி உள்ளே போகலாம். மஞ்சள் என்றால் குறை இருக்கிறது, திருத்தச் சொல்லியிருக்கிறார்கள். சிவப்பு என்றால் கதவே திறக்காது. கோழிக்கறி நறுக்கிய பலகையிலேயே வெள்ளரிக்காயையும் நறுக்கியது ஒரு குறை. கை கழுவும் இடத்தில் சோப்பு இல்லாதது இன்னொன்று. கடைக்காரர் அன்றைக்கே இரண்டு பலகைகள் வாங்கினார், சோப்பையும் வைத்தார். ஆனால் மறு ஆய்வு வரும்வரை கதவில் மஞ்சள்தான்.

மஞ்சளைப் பார்த்து நின்றுவிடாமல் உள்ளே வந்தவர்களில் ஒருவர், தெருக்கோடிப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே அவர் பேச்செடுத்தார்.

“எங்க பிள்ளைங்களுக்கு மத்தியானச் சாப்பாடு நீங்க செஞ்சு தர்றீங்களா? ருசி எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அந்த அட்டை பச்சையாகணும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆச்சுன்னா திங்கட்கிழமை ஆரம்பிச்சுடலாம். இல்லேன்னா வேற கடையைப் பார்ப்போம், தப்பா நினைச்சுக்காதீங்க.”

கடைக்காரருக்கு அது கடவுளே ஆளனுப்பிச் சொன்ன மாதிரி இருந்தது. எதிரே இருந்த பெரிய அலுவலகம் ஊரின் வேறு மூலைக்கு மாறிப்போனதிலிருந்து மத்தியானத்தில் பாதி மேசைகள் காலி. சமையல் செய்வது அவருடைய மனைவியின் தம்பி. அவனை வேறு இடத்தில் வேலை தேடிக்கொள்ளச் சொல்லவேண்டி வருமோ என்ற பயத்தை அவர் இன்னும் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்து வேலை வந்தால் சொல்லவே வேண்டியதில்லை.

மறு ஆய்வு வெள்ளிக்கிழமை காலை என்று தகவல் வந்தது. வியாழக்கிழமை மத்தியானமே கடையை அடைத்துவிட்டு, கடைக்காரர், மனைவி, மச்சான் மூன்று பேரும் கழுவ இறங்கினார்கள்.

“மாமா, இந்தச் சுவத்துக்கு வாய் இருந்தா இந்நேரம் அழுதிருக்கும்” என்றான் மச்சான்.

“பேசாம தேய்டா. உன் கல்யாணத்துக்கு நீ குளிச்சதைவிடச் சுத்தமா இருக்கணும்.”

“அன்னிக்குக் குழாயில தண்ணி வரலைன்னு அக்கா உங்ககிட்டச் சொல்லலையா?”

பிரிட்ஜைக்கூட விடவில்லை. அதை இழுத்துப் போட்டு, பின்பக்கத்துச் சுவரைக் கழுவினார்கள். ஈரத்தில் ஷாக் அடிக்கக் கூடாதே என்று சுவிட்சை அணைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் வளையமும் போட்டது கடைக்காரர்தான். எல்லாம் முடிந்து பிரிட்ஜைத் திரும்பத் தள்ளியபோது சாயங்காலமாகிவிட்டது. எவர்சில்வர் எல்லாம் முகம் பார்க்கலாம் போல மின்னியது. மனைவி வாசலில் நின்று உத்தரவு போட்டார்.

“ஊசியம்மா வந்துட்டுப் போறவரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது. ஒரு கைரேகை பார்த்தேன், அந்தக் கைக்கு மறுபடி சோறு கிடையாது.”

ஆகவே ஒருவரும் எதையும் தொடவில்லை.

மறுநாள் ஊசியம்மா வந்தார். பலகைகளைப் பார்த்தார், தலையை ஆட்டினார். கை கழுவினார், சோப்பை முகர்ந்தார், அதற்கும் ஆட்டினார். அடுப்புக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “இங்கே சமைக்கிறீங்களா, கண்ணாடி விக்கிறீங்களா?” என்றார். மச்சான் மாமாவைப் பார்த்துக் கண்ணடித்தான். அப்புறம் அவர் பிரிட்ஜைத் திறந்தார்.

உள்ளே விளக்கு எரியவில்லை.

ஊசியைப் பாலில் விட்டார், வேகவைத்த பருப்பில் விட்டார், கோழியில் விட்டார். ஒவ்வொரு தடவையும் துடைத்துக்கொண்டார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

“இது எப்போலேர்ந்து நின்னிருக்கு?”

“இப்பத்தான் மேடம், கொஞ்ச நேரம் முன்னாடி கரன்ட்டு வந்து வந்து...” என்று மச்சான் ஆரம்பித்தான்.

கடைக்காரரின் கண் சுவிட்சுக்குப் போயிற்று. பிளாஸ்டிக் பை கட்டியது கட்டியபடி இருந்தது. பிரிட்ஜின் ஓரம் அதைப் பாதி மறைத்திருந்ததால் ஊசியம்மா நின்ற இடத்திலிருந்து தெரியாது. மச்சான் சொன்னதற்கு ஆமாம் போட்டால் போதும், திங்கட்கிழமை பள்ளிக்கூடம். ஆனால் அந்தப் பருப்பும் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும்.

“இல்ல மேடம். நேத்து மத்தியானத்துலேர்ந்தே ஓடலை. கழுவறதுக்காக நான்தான் அணைச்சேன். போட மறந்துட்டேன்.”

மச்சான் அவர் காலை மிதித்தான். மிதித்து என்ன செய்ய, சொல் வாயை விட்டு வந்துவிட்டது.

“பிரிட்ஜைக் குளிப்பாட்டுன அவசரத்துல அதோட உயிரை எடுத்துட்டீங்களே” என்றார் ஊசியம்மா. குரலில் கோபம் இல்லை. “எல்லாத்தையும் கொட்டுங்க. என் கண்ணு முன்னாடி.”

கொட்டினார்கள். பாலும் பருப்பும் கோழியும் குப்பைத் தொட்டிக்குப் போயின. யாரும் திரும்ப எடுக்க முடியாதபடி மேலே பினாயில் ஊற்றப்பட்டது. மனைவி அதைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டு, ஏற்கெனவே மின்னிய குழாயை மறுபடி துடைத்தார்.

“இப்ப பச்சை தர முடியாதுங்க. பிரிட்ஜ் குளிர்ந்து நிக்கறதைப் பார்த்தாத்தான் எழுத முடியும். அடுத்த வாரம் பூரா எனக்கு வேற வட்டாரம்.”

“சரிங்க மேடம்” என்றார் கடைக்காரர். வேறு என்ன சொல்வார்?

மனைவிதான் குழாயைப் பார்த்தபடியே பள்ளிக்கூடத்து விஷயத்தைச் சொன்னார். கெஞ்சவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னார். ஊசியம்மா ஊசியை அதன் உறைக்குள் மெதுவாகச் செருகினார்.

“சாயங்காலம் வேலை முடிஞ்சு இந்த வழியாத்தான் வீட்டுக்குப் போவேன். ஒரு எட்டு பார்க்கிறேன். அதுக்குள்ள அஞ்சு டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கணும். இல்லேன்னா மஞ்சள்தான், யார் அழுதாலும்.”

அந்தப் பகல் நகர்ந்ததை நகர்ந்தது என்று சொல்ல முடியாது. காலிப் பிரிட்ஜில் சோதிப்பதற்காக ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்துவிட்டு, ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்த சொந்தக்காரர்கள் மாதிரி மூன்று பேரும் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் இரண்டொரு தடவை கைப்பிடிக்குக் கையைக் கொண்டுபோனான்.

“திறக்காதே. திறந்து திறந்து பார்த்தா எப்படிக் குளிரும்?”

“நலம் விசாரிக்கலாம்னு பார்த்தேன் மாமா.”

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. இனி எங்கே வரப்போகிறார் என்று ஆண்டவன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டுக் கடைக்காரர் எழுந்தபோது, வாசலில் ஒரு குடை மடங்கியது. ஊசியம்மா செருப்பைத் தட்டித் தண்ணீரை உதறினார். கை கழுவினார். கிண்ணத்தில் ஊசியை விட்டார். நான்கு டிகிரி. அதோடு விடவில்லை, பலகைகளையும் சோப்பையும் இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம்தான் கதவிலிருந்த மஞ்சளை நகத்தால் நெம்பி உரித்து, பச்சையைத் தம் கையாலேயே ஒட்டி, ஓரங்களை அழுத்திவிட்டார்.

“சூடா ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க மேடம். நனைஞ்சிருக்கீங்க.”

“கடைக்காரங்ககிட்டப் பச்சைத்தண்ணிகூட வாங்கக் கூடாதுங்க. பிள்ளைங்களுக்கு நல்லாச் சமைச்சுப் போடுங்க, போதும்.”

குடை மறுபடி விரிந்தது, மழைக்குள் போயிற்று. பக்கத்து மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“இந்நேரத்துக்கு இவங்க எங்கே இந்தப் பக்கம்? வீடு ஆத்துக்கு அந்தாண்டைல இருக்கு. என் தங்கச்சிக்கு அடுத்த வீடுதான். இங்கேயிருந்து ரெண்டு பஸ் மாறணுமே.”

கடைக்காரர் தெருவைப் பார்த்தபடியே நின்றார். போகிற வழி என்று ஊசியம்மா சொன்ன அந்தச் சின்னப் பொய்யை மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

“இதை எப்படித் திருப்பிச் செய்யப்போறோம்?” என்று ராத்திரி சாப்பாட்டின்போது மனைவியிடம் கேட்டார்.

“ஒரு வாய் தண்ணி வாங்காதவங்களுக்கு என்னத்தைச் செய்ய முடியும்? நல்லா இருக்கட்டும்னு வேண்டிக்கலாம்.”

வேண்டிக்கொண்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துச் சாப்பாடு தொடங்கியது. மூடிவைத்த பாத்திரங்கள் சூடாகப் போய், காலியாகத் திரும்பி வந்தன. மச்சான் இன்னொரு பெரிய பாத்திரம் வேண்டும் என்றான். அவனிடம் சொல்லாமல் வைத்திருந்த பயத்தைக் கடைக்காரர் மெல்ல மறந்தார்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு விடுமுறை. வீட்டார் எல்லாரும் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மறுநாள் பிள்ளைகளுக்காகப் பருப்பை வேகவைக்கக் கடைக்காரர் மட்டும் வந்திருந்தார். வெந்த பருப்பை அகலமான தட்டுகளில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, உடனே பிரிட்ஜுக்குள் வைக்கவேண்டும். அதுதான் முறை. அவர் அடுப்பை அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் என்று நாற்காலியில் சாய்ந்தார். கண் விழித்தபோது காலை வெயில் போய், சாயங்கால வெயில் எதிர்ச்சுவரில் ஏறியிருந்தது.

மூடியைத் திறந்தார். பாத்திரம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மணம் கெடவில்லை. ஒரு கரண்டி நக்கிப் பார்த்திருந்தால் ருசியும் கெட்டிருக்காது. திரும்ப ஒரு கொதி விட்டால் தீர்ந்தது என்று ஒரு நினைப்பு வந்தது. கொதித்தாலும் சாகாத விஷம் உண்டு என்று அதற்குப் பின்னாலேயே இன்னொரு நினைப்பும் வந்தது. கதவு சாத்தியிருந்தது. கேட்க ஆளில்லை, பார்க்க ஆளில்லை. அந்த மழைச் சாயங்காலத்துக்குத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல இடம் தனக்குக் கிடைக்காது என்று அவருக்குப் பட்டது.

இரண்டு கையாலும் பாத்திரத்தைத் தூக்கிப்போய்த் தொட்டியில் கவிழ்த்தார். மேலே பினாயிலை ஊற்றினார். பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, புதுப் பருப்பை அளந்து போட்டு, அடுப்பைப் பற்றவைத்தார். அது வேகட்டும் என்று இந்தத் தடவை உட்காரவில்லை. தட்டுகளை எடுத்து மேசைமேல் வரிசையாகப் பரப்பிவிட்டு, எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு நின்றார்.