வினோதாவுக்குப் பத்தாத உடுப்பு

"நீதானே சேர்கிட்ட போட்டுக் குடுத்த? இல்லாட்டி எம் புள்ளைய ஏன் டான்ஸ்லருந்து எடுக்கப் போறாரு?"

"எம் மவ ஆடுறது ஒனக்குப் பொறுக்கல வீரம்மா. அதுக்கு நான் என்னா செய்ய?"

பீலியில தண்ணி புடிக்கிற எடத்துல வீரம்மாவும் அடுத்த வீட்டு செல்வமலரும் கத்துறத, லயத்து வீட்டு வரிசை மூலையில நின்னு நிரஞ்சன் கேட்டுக்கிட்டு இருந்தான். அந்த சேர் அவன்தான். ஹட்டன்ல இருக்கிற நடனக் குழுவுலருந்து தேயிலைத் தோட்டத்துப் பாடசாலைக்கு வந்து டான்ஸ் சொல்லிக் குடுக்கிறவன். "எல்லாப் புள்ளையும் ஆடலாம்"னு மொத நாளே பெத்தவங்ககிட்ட சொன்னதும் அவன்தான்.

வீரம்மா மவ வினோதாவ யாரும் கோள் சொல்லி எடுக்க வைக்கல. இரவல் வாங்குன உடுப்புல ஒண்ணுகூட அந்தப் புள்ள ஒடம்புக்குப் பத்தல. வேற தைக்க அலுப்புப்பட்டு, "அடுத்த தடவை பாப்போம்மா"ன்னு நிரஞ்சனே ஒதுக்கிட்டான்.

அவனக் கண்டதும் சண்டை நின்னுச்சு. வீரம்மா தன் வீட்டு வாசல்ல அவன் ஒக்கார கதிரையத் தொடச்சுப் போட்டு, தேத்தண்ணி குடுத்தா. செல்வமலரும் பின்னாலயே வந்து நின்னா.

"நீங்களே சொல்லுங்க சேர், இந்த செல்வமலர்தானே கோள் சொன்னா?"

"அதெல்லாம் விடுங்கக்கா."

"இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன் சேர்," ன்னா செல்வமலர்.

அவன் தலையக் குனிஞ்சு தேத்தண்ணியக் குடிச்சிட்டு எந்திரிச்சு வந்துட்டான்.

அடுத்தடுத்த வீட்டுக்காரிங்க இன்னமும் பேசிக்கிறதில்ல. உண்மையச் சொல்லணும்னு அவனுக்குத் தெரியும். ஆனா உடுப்பு பத்தலன்னு சொன்னா வினோதா மனசு என்னா பாடுபடும்? அந்தப் புள்ளைய நோகடிக்காம அவன் எப்புடி சொல்றது? தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு கீழ பதில் போடுங்க.