நம்ப முடியாதவை

எங்க ஆபீஸ்ல சிவப்பு வந்தா யாரும் காரணம் தேட மாட்டாங்க. பச்சை வர்ற வரைக்கும் மறுபடி மறுபடி ஓட்டுவாங்க. நாங்க எழுதுறது ஆம்புலன்ஸ் அனுப்புற மென்பொருள். அதோட கோடுல, அதாவது நிரல்ல, ஒரு வரி மாத்தினாலும் ஆயிரத்துச் சொச்சம் டெஸ்ட் தானா ஓடும்; தேறினா பச்சை, தவறினா சிவப்பு. அதுல சிலது, அதே கோடுக்குக் காலையில பச்சை காட்டும், மத்தியானம் சிவப்பு காட்டும். அதையெல்லாம் கண்டுபிடிக்க ஒரு ஏற்பாடு பண்ணச் சொன்னார் மேனேஜர். அவருக்கு நாங்க வச்ச பேரே பச்சை.

நல்லாத்தான் பண்ணினேன், அதுதான் வயித்தெரிச்சல். கோடைத் தொடாம ஒவ்வொரு டெஸ்ட்டையும் இருபது தடவை ஓட்டும். பதில் மாறினா அதை ஓரமா ஒதுக்கிடும், அப்புறம் அது சிவப்பு காட்டினாலும் யார் வேலையும் நிக்காது. ரிப்போர்ட்டுக்கு 'நம்ப முடியாதவை'ன்னு தலைப்பு போட்டேன். பக்கத்துக் கட்டத்துல அந்த டெஸ்ட்டை எழுதினவங்க பேரு, யார்கிட்ட கேட்கணும்னு தெரியட்டுமேன்னு.

முதல் ரிப்போர்ட்ல பதினொண்ணு வந்தது. அதுல ஒன்பது எங்க அண்ணி பேருல.

அண்ணன் பொண்டாட்டி. எனக்கு இந்த வேலைக்கு வழி காட்டினதே அவங்கதான். ஒரே வீடு, ஒரே பஸ். "என்னடி நாத்தனாரே, மாட்டி விட்டுட்டியே"ன்னு சிரிச்சாங்க. அப்புறம் திரையில ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாங்க.

"ஒரே நொடியில ரெண்டு பேர் கூப்பிட்டா, ஒரே வண்டியை ரெண்டு பேருக்கும் கொடுக்குதான்னு பார்க்குற டெஸ்ட். இருபதுல மூணு தடவை சிவப்பு. டெஸ்ட் ஒழுங்காத்தான் இருக்கு, கோடுதான் மூணு தடவை தப்புப் பண்ணுது. இதை ஒதுக்காதடி."

"பார்க்கிறேன் அண்ணி"ன்னேன். எங்க பார்த்தேன்? பச்சை எனக்குக் கைத்தட்டல் வாங்கிக் கொடுத்துட்டு இருந்தார், நானும் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன்.

கஷ்டமான டெஸ்ட்டையெல்லாம் அண்ணி மட்டும்தான் எழுதினாங்க, அதனாலதான் ஒன்பது. பச்சை அதையா பார்த்தார்? தலைப்பைப் படிச்சார், பேரைப் படிச்சார். வெள்ளிக்கிழமை அண்ணியை வீட்டுக்கு அனுப்பிட்டார். நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திரையையே முறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். தூ!

"விடுடி, வேற வேலையா கிடைக்காது"ன்னாங்க அண்ணி பஸ்ல. "அந்த வண்டி டெஸ்ட்டை மட்டும் திருப்பிப் போட்டுடு." தலையாட்டினேன். மறந்தே போயிட்டேன்.

ரெண்டே மாசம். ஒரே நொடியில ரெண்டு அழைப்பு, ரெண்டுக்கும் ஒரே வண்டி. ரெண்டாவது வீட்டு அம்மா நாற்பது நிமிஷம் வாசல்ல நின்னிருக்காங்க. அவங்க புருஷன் பிழைக்கல.

பச்சை என் மேஜைக்கு ஓடி வந்தார். "உன் ஏற்பாடு இதைப் பிடிக்கலையா?"

"பிடிச்சுது சார். நம்ப முடியாதுன்னு ஓரமா வச்சுடுச்சு."

அவர் என் ஃபோனை என் பக்கம் நகர்த்தினார். "உங்க அண்ணியைக் கூப்பிடேன், அவங்களாலதான் சரி பண்ண முடியும்."

வீட்ல அண்ணி துணி மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஒண்ணு விடாம சொன்னேன். மடிச்ச கை அப்படியே நின்னுது.

"திருப்பிப் போடலையா?"

"இல்ல அண்ணி."

கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. "எப்படிச் சரி பண்ணணும்னு அந்த டெஸ்ட்டுக்கு மேலேயே எல்லாம் எழுதி வச்சிருக்கேன். படிச்சுப் பார்க்கச் சொல்லுங்க."

சொல்லுங்க. என்கிட்டதான் சொன்னாங்க. வேலை போன அன்னிக்குக்கூட என்னை 'டி' போட்டுப் பேசினவங்க.

"திட்டிடுங்க அண்ணி"ன்னு அழுதேன்.

மடிச்ச துணியை எடுத்துக்கிட்டு எழுந்தாங்க. "சாப்பாடு மூடி வச்சிருக்கேன். போய்ச் சாப்பிடுங்க."