சுந்தரதாஸை என்னவென்று விளிப்பது

தமிழ், மலையாள எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த வருஷங்களில் எங்கள் ஊரில் வாயைத் திறப்பதே வம்பு. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் கிடந்த ஊர் அது. ஒரு வாரம் மதராசோடு சேரவேண்டும் என்று ஒரு கூட்டம் கத்திக்கொண்டு போகும். மறுவாரம் ஐக்கிய கேரளம் என்று இன்னொரு கூட்டம். இரண்டிலும் சேர்ந்து கத்திய ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். கத்தி முடித்து எல்லோரும் ஒரே கடையில்தான் சாயா குடிப்பார்கள்.

நான் ரத்னபாய். அந்த ஊர் ஓலைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு என்னுடையது. மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் சதாசிவனின் மலையாள வகுப்பு. எங்கள் நாட்டில் பாடம் சொல்லிக்கொடுப்பவர் ஆணோ பெண்ணோ, பிள்ளைகளுக்கு 'சார்'தான். அதனால் நானும் ரத்னபாய் சார். சேலை கட்டிய சாரைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

என் வகுப்பில் இருப்பவர்கள் தமிழ்ப் பிள்ளைகளே அல்ல, யார் யாரையோ பிடித்துக்கொண்டு வந்து தமிழைக் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லவைக்கிறார்கள் என்று எவனோ மேலே புகார் போட்டுவிட்டான். விசாரிக்க ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அவருக்குத் திருப்தி இல்லை என்றால் வகுப்பை மூடிவிடுவார்கள். வகுப்பு போனால் என் வேலையும் போகும். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், எனக்கு அந்த வேலை வேண்டும். தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அந்த வால் முளைத்த கூட்டமும் எனக்கு வேண்டும்.

"சுந்தரதாஸ்ணாக்கும் பேரு," என்று சதாசிவன் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். "ஆளு எந்தப் பக்கம்ணு ஒரு பிடியும் கிட்டல்ல சாரே."

எப்படிக் கிட்டும்? அந்தப் பெயரை வைத்துத் தமிழனா மலையாளியா, கோவிலா சர்ச்சா, ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அன்று தூக்கமே இல்லை. பிள்ளைகள் அவரை என்னவென்று விளிப்பார்கள்? 'சார்' என்றால், பார், தமிழ் வகுப்பில் ஒரு 'ஐயா' கூட இல்லை என்பார். 'ஐயா' என்றால், பிள்ளைகளைப் போராட்டத்துக்குத் தயார் பண்ணுகிறாள் என்பார். பழைய அதிகாரிகளுக்கு 'ஏமான்' என்று விளித்தால் இனிக்கும், புதியவர்களுக்குக் கோபம் வரும். 'அண்ணாச்சி' பலசரக்குக் கடைக்காரருக்கு. 'மாமா' என்றால் முதுகில் ஏறிவிடுவார்கள், என் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அவரை ஒன்றுமே விளிக்க வேண்டாம்.

மறுநாளே பழக்கம் ஆரம்பித்தது. அதிகாரி வந்தால் 'வரலாம்.' பெஞ்சைக் காட்டி 'இருக்கலாம்.' செம்பை நீட்டி 'தண்ணீர் குடிக்கலாம்.' பெயர் இல்லை, முறை இல்லை, எந்தக் கட்சிக்காரனும் குற்றம் சொல்ல முடியாத மரியாதை. வாய் தவறி எவனாவது ஏதாவது விளித்தால் புளியங்கம்பு பேசும் என்றும் சொல்லிவைத்தேன். முதல் வரிசை ஓமனக்குட்டி ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். சூட்டிகையான பெண். மற்றவர்களும் அவளைப் பார்த்துத் தேறிவிட்டார்கள்.

தேறியது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் ஓமனக்குட்டியின் அப்பா குட்டப்பன் தோளில் மண்வெட்டியோடு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"சாரே, இது எந்தப் படிப்பாக்கும்?"

"என்ன காரியம்?"

"பகலு முழுக்க மண்ணு கெளச்சிட்டு வீட்டுக்குப் போனா, எனக்க மவ வாசல்ல கையக் கட்டி நிண்ணு 'வரலாம், கை கழுவலாம், கஞ்சி குடிக்கலாம்'ங்குதா. நான் என்ன, ஓட்டல்ல கேறின ஆளா? அப்பாண்ணு ஒரு விளி இல்ல. மூணு நாளாச்சு சாரே." "அந்த விளி கேக்கத்தான நான் வீட்டுக்குப் போறது?"

"அதிகாரி வந்துட்டுப் போறது வரை கொஞ்சம் பொறும்," என்றேன்.

"அது வரை நான் அவளுக்கு ஆராக்கும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. போய் வேலையைப் பாரும் என்று அனுப்பிவிட்டேன். பாவம், போனார்.

அதிகாரி வரும் நாளுக்குப் பள்ளிக்கூடத்தைப் பெருக்கி மெழுகி வைத்தோம். முற்றத்தில் தோட்டத்துக்காக வெட்டிய எருக்குழி ஒன்று சாணியும் மழைத்தண்ணீருமாக நாறிக்கொண்டு கிடந்தது. அதன்மேல் முடைந்த ஓலையைப் பரப்பி மணலைத் தூவி மறைத்துவிட்டோம். என் யோசனைதான். நல்ல யோசனை என்றுதான் இப்போதும் சொல்வேன்.

சுந்தரதாஸ் பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் குடை. பேச்சும் எங்கள் எல்லோருடையதையும் போலப் பாதி இது பாதி அது. எந்தப் பக்கம் என்று அதிலும் பிடி கிடைக்கவில்லை.

"வரலாம்," என்றது வகுப்பு.

வந்தார்.

"இருக்கலாம்."

இருந்தார். பாட்டு, வாய்ப்பாடு, வாசிப்பு எல்லாம் கேட்டார். பிள்ளைகள் பிசகவில்லை. எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. பிறகு அவர் ஓமனக்குட்டியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"வீட்டுல என்ன பாஷை பேசுவே மக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். கம்பைப் பார்த்தாள்.

"பேசலாம்," என்றாள்.

"அம்மைகிட்ட எப்பிடிப் பேசுவே? அதச் சொல்லு."

"சொல்லலாம்."

இன்னும் இரண்டு பேரைக் கேட்டார். அவர்களும் அதே மாதிரி. சுந்தரதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாடம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு, டீச்சர். ஆனா சொல்லிக்குடுத்தது தவிர ஒரு வாக்கு இதுகளுக்க வாயில இருந்து வரல்லியே. புகாருல எழுதினதும் இதுதான். இத வச்சு இந்தக் கிளாசு வேணும்ணு நான் எப்பிடிச் சொல்ல?"

நானே உட்கார்ந்து, நானே பழக்கி, என் வேலைக்கு நானே உலை வைத்திருக்கிறேன். சதாசிவன் தட்டிக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார்.

வெளியே பள்ளிக்கூடத்துப் போர்டை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று சுந்தரதாஸ் முற்றத்துக்கு இறங்கினார். பிள்ளைகளும் சதாசிவனும் பின்னாலேயே இறங்கி வந்து ஓரமாக வரிசையாக நின்றார்கள். போர்டில் மேலே மலையாளம், கீழே தமிழ். "கீழ உள்ளது சின்ன எழுத்தாட்டுத் தெரியுதே," என்று சொல்லிக்கொண்டே, அண்ணாந்து பார்த்தபடி ஓரடி பின்னால் வைத்தார். பிறகு இன்னோரடி. அவருக்கு நேர் பின்னால் எருக்குழி.

வகுப்பு முழுவதுக்கும் அது தெரியும். ஓலை பரப்பியதே அவர்கள்தான்.

"நிற்கலாம்," என்றது ஒரு பொடியன் மெதுவாக.

"இருக்கட்டும், இருக்கட்டும்," என்று சிரித்துவிட்டு அவர் மறுபடி ஓரடி வைத்தார்.

"முன்னால் வரலாம்," என்றது இன்னொன்று.

"வாறேன், வாறேன்." கண் போர்டைவிட்டு இறங்கவில்லை. இன்னோரடி.

'சார்' என்று கத்த நான் வாயெடுத்தேன், புகார் ஞாபகம் வந்தது. 'ஐயா' என்று மாற்றப் பார்த்தேன், ஊர்வலம் ஞாபகம் வந்தது. ஒரு மனிதர் சாணிக்குழியில் விழப்போகிறார், நான் மரியாதைச் சொல் பொறுக்கிக்கொண்டு நிற்கிறேன்!

"எலே! குழியாக்கும்! நில்லுலே அங்ஙன!"

ஓமனக்குட்டி. பக்கத்துத் தோப்பில் இருந்த காக்கை எல்லாம் பறந்தது.

சுந்தரதாஸ் தூக்கிய காலை அப்படியே அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு நின்றார். மெல்லத் திரும்பினார். குடை நுனியால் ஓலையைத் தூக்கினார். நாற்றம் எங்கள் எல்லோருடைய மூக்குக்கும் வந்தது. அவர் ஓலையைத் திரும்பப் போட்டுவிட்டுக் காலைக் கீழே வைத்தார்.

"ஆரு விளிச்சது?"

ஓமனக்குட்டி அழ ஆரம்பித்திருந்தாள். "அறியாம வாயில வந்துபோச்சு. எங்க காளை கெணத்துப் பக்கம் போனா அப்பிடித்தான் விளிப்போம்."

காளையா! எனக்குப் பூமி பிளந்தால் நல்லது என்று தோன்றியது. சதாசிவன் கண்ணை மூடிக்கொண்டார். சுந்தரதாஸின் தோள் குலுங்கியது. ஐயோ, கோபத்தில் நடுங்குகிறார் என்றுதான் நினைத்தேன். சிரிக்கிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வந்த நேரம் தொட்டு ஆரும் சொல்லிக்குடுக்காம கேட்ட வாக்கு இது ஒண்ணுதான்," என்றார். "எனக்க அம்மையும் இப்பிடித்தான் விளிக்கும்."

சதாசிவனுக்குப் பொறுக்கவில்லை. "அது எங்க பிள்ளையளும் விளிக்கிறதாக்கும். மலையாளமும் ஆகும்," என்றார்.

"ஒங்க கிளாச ஆரும் மூட வரல்லியே சாரே," என்றார் சுந்தரதாஸ்.

ரோட்டில் பஸ் வரும் சத்தம் கேட்டது. வகுப்பைப் பற்றி அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பார்த்து, "போயிட்டு வாறேன். என்னைய என்னண்ணு விளிப்பீங்களோ, அப்பிடி விளிச்சு வழியனுப்புங்க பாப்போம்," என்றார்.

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் கம்பைக் கீழே போட்டேன். "வாயில வாறத விளியுங்கோ," என்றேன். அடக்கிவைத்திருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. ஐயா, சார், மாமா, அண்ணாச்சி, சேட்டா. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிச் சிரித்துக்கொண்டே போனார். கடைசியில் வரிசையின் வாலில் நின்ற மூக்கொழுகி ஒருவன் கையை ஆட்டி, "போயிட்டு வாங்க பாட்டா!" என்றான்.

சுந்தரதாஸ் நின்றுவிட்டார். சிரிப்பு போய்விட்டது. கை தானாகக் காதோரத்து நரைக்குப் போனது. 'எலே' என்றதற்குச் சிரித்த மனிதர் தாத்தா என்றதற்கு முகம் கறுப்பார் என்று யார் கண்டது? வகுப்பு போயிற்று என்றே நினைத்தேன்.

"டீச்சர், என்னைப் பாத்தா அவ்வளவு வயசாட்டா தெரியுது?"

"இல்ல, இல்லவே இல்ல," என்றேன்.

பஸ் படியில் ஏறி நின்று திரும்பினார். "கிளாசு நடக்கட்டும்ணு எழுதுதேன். தமிழ்ப் பிள்ளையதான், சந்தேகம் இல்ல." பிறகு அந்தப் பொடியனை இன்னொரு தடவை முறைத்தார். "ஆனா இதுகளுக்குப் பெரியவங்கள மரியாதையா விளிக்கக் கொஞ்சம் சொல்லிக்குடுக்கணும்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஓமனக்குட்டியை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டேன். அவருக்கு மரியாதையாக ஒரு நன்றி சொல்லவேண்டும் என்று பஸ்ஸை நோக்கி வாயைத் திறந்தேன். பஸ் நகர்ந்து திருப்பத்தில் மறையும் வரை அந்த மனிதரை என்னவென்று விளிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.